மூச்சின் கதை – 17: காசநோய் என்ற பெயரில் வந்த நோய்

சென்ற வாரம் வரை…

1928இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் காடாகக் கிடந்த நிலத்தில் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு: மருந்தில்லாத காலத்தில் இவைதான் சிகிச்சை.

பிறகு மருந்து வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். 1959இல் வெளியான அந்த முடிவைப் படித்த நாடுகள், சானடோரியங்களைக் கைவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறின.

தாம்பரத்தின் கதவு மட்டும் மூடவில்லை. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ரயில் நிலையத்துக்கே ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இருமல் விடவில்லையா, சானடோரியத்துக்குப் போ என்பது தென்சென்னைக் குடும்பங்களில் பழகிப்போன பேச்சு.

மருந்து கிடைத்துவிட்டது, இனி நெஞ்சு நோய்க்குப் பயமில்லை என்று நம்பிய தலைமுறை அது. ஆனால் அதே வாசல் வழியாக இன்னொரு நோயும் உள்ளே வந்துகொண்டிருந்தது. புகை பிடித்தே அறியாத இளைஞர்களும் இளம்பெண்களும் அதைச் சுமந்து வந்தார்கள். அது தன் பெயரைச் சொல்லவில்லை. காசநோய் என்ற பெயரிலேயே வந்தது.

* * *

மெண்டிப் மலையில் ஒரு நோயாளி

இந்தப் பகுதியைத் தாம்பரத்துக்கும் முன்னால், இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டும்.

1917. சாமர்செட் மாவட்டத்தில் வெல்ஸ் நகரத்துக்கு அருகே மெண்டிப் மலைச் சானடோரியம். அதன் தலைமை மருத்துவர், பின்னாளில் தாம்பரத்தை உருவாக்கப்போகும் அதே சௌரி முத்து. அந்த ஆண்டு அவரிடம் வந்து சேர்ந்த நோயாளிகளில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஒரு தமிழரும் இருந்தார். கணிதமேதை சீனிவாச ராமானுஜன்.

வயிற்றுப்புண் என்றுதான் மருத்துவர்கள் முதலில் நினைத்தார்கள். பிறகு காசநோய் என்று முடிவானது. ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினார். 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில், 32 வயதில், கண்மூடினார்.

முக்கால் நூற்றாண்டு கழிந்து, 1994இல், டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் ராமானுஜனின் நோய்க்குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் படித்தார். அவருடைய முடிவு வேறாக இருந்தது. காய்ச்சல் வந்து போன விதம், இந்தியாவில் இருந்தபோதே வந்த சீதபேதி, உடல் மெலிந்த விதம் எல்லாம் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயோடுதான் பொருந்துகின்றன என்றார் அவர். அது உண்மையானால், சரியாகக் கண்டறிந்திருந்தால் அன்றைய மருத்துவமே தீர்த்திருக்கக்கூடிய நோய் அது.

சௌரி முத்துவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. சானடோரியத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய்தான். மெலிந்த உடல், விடாத காய்ச்சல், இந்தியாவிலிருந்து வந்த இளைஞர். எந்த மருத்துவருக்கும் அன்று முதலில் தோன்றியிருக்கக்கூடிய பெயர் அதுதான்.

ஒரு நோய் மிகப் பரவலாக இருக்கும் இடத்தில் மற்ற நோய்கள் எல்லாம் அதன் நிழலில் நிற்கின்றன. தாம்பரத்தின் கதையில் இந்த உண்மை திரும்பத் திரும்ப வரும்.

* * *

எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளை

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் இருக்கிறார்கள். ஆகவே, 30 வயதுப் பெண் ஒருவர் இருமலோடும் எடைக்குறைவோடும் வந்து, எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தால், நம் ஊர் மருத்துவர் காசநோயை நினைப்பது சரியான நினைப்புதான். பெரும்பாலும் அவர் நினைத்தது சரியாகவே இருக்கும்.

சிக்கல், மீதமுள்ள சிலரிடம்.

நுரையீரல் புற்றுநோயின் அறிகுறிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். வாரக்கணக்கில் இருமல். சளியில் ரத்தம். பசியின்மை. எடை குறைதல். நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்துக்கொள்ளுதல். அசதி. சில நேரம் காய்ச்சல். இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக் காசநோய் என்ற தலைப்பின் கீழ் ஒட்டலாம். ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

பிறகு நடப்பது இது. சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாது. காசநோயிலும் எல்லோருக்கும் சளியில் கிருமி தெரிவதில்லை என்பதால், எக்ஸ்ரேயை நம்பி மருந்து தொடங்கிவிடுவார்கள். ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மருந்து வேலை செய்கிறது என்று வீட்டிலிருப்பவர்கள் நிம்மதி அடைவார்கள். இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளை அப்படியே இருக்கும், அல்லது பெரிதாகியிருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வரும். மருந்தை மாற்றுவார்கள். இன்னும் சில மாதங்கள் போகும்.

நுரையீரல் புற்றுநோயாளிகளில் கணிசமானவர்கள் முதலில் காசநோய் மருந்து சாப்பிட்டுவிட்டே புற்றுநோய் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள் என்று இந்தியாவின் பல மருத்துவமனைகள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கின்றன. இங்கே எதிரி, காலம். நுரையீரலுக்குள் வலி உணரும் நரம்புகள் மிகக் குறைவு. புற்று அங்கே சத்தமில்லாமல் வளர்கிறது. அது வெளியே தெரியும்போது பலருக்கு ஏற்கெனவே பரவியிருக்கிறது.

* * *

இருவர் நடந்த ஒரே தடம்

பரவும் விதத்தில்தான் இந்தக் கதையின் மிகக் கொடிய திருப்பம் இருக்கிறது.

இளம் வயதில் வரும் நுரையீரல் புற்று பெரும்பாலும் அடினோகார்சினோமா என்ற வகை. பெரிய மூச்சுக்குழாய்களை விட்டுத் தள்ளி, நுரையீரலின் ஓரங்களில் தொடங்கும். முதல் அறிகுறி நெஞ்சில் தோன்ற வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

சிலருக்கு அது கழுத்து நெறிகட்டியாக வருகிறது. கழுத்தில் நெறிகட்டினால் நம் ஊரில் முதலில் நினைப்பது காசநோயை.

சிலருக்கு முதுகெலும்பில் இறங்கி முதுகுவலியாக வருகிறது. இளைஞருக்கு முள்ளெலும்பு அரித்திருந்தால் முதுகெலும்புக் காசநோய் என்ற சந்தேகம் வருகிறது.

சிலருக்கு இதயத்தைச் சுற்றி நீர் கோக்கிறது. அதற்கும் இந்தியாவில் முதல் காரணமாகத் தேடப்படுவது காசநோய்.

சிலருக்குத் திடீரென்று வலிப்பு. மூளை ஸ்கேனில் வளையம் போட்டதுபோல் ஒரு கட்டி. மூளையில் வரும் காசநோய்க் கட்டியும் அப்படித்தான் தெரியும்.

இன்னும் சிலருக்கு இரண்டு நுரையீரல்களிலும் தினையளவுப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் தெளித்துக் கிடக்கும். மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகக் காட்டப்படும் மிலியரி காசநோயின் படம் அதுவேதான். அதே படத்தைச் சில மரபணுப் பிறழ்வுகள் கொண்ட நுரையீரல் புற்றும் வரைகிறது.

காசநோய்க் கிருமி ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி உடலெங்கும் போகும். புற்று செல்களும் அதே ரத்தத்திலும் அதே நிணநீரிலும்தான் பயணம் செய்கின்றன. ஒருவர் நடந்த தடத்திலேயே மற்றவரும் நடந்தால், காலடியை வைத்து ஆளைப் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய ஒரே வழி, அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டுச் சதையை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைப்பது. பயாப்ஸி.

ஆனால் 2000ஆம் ஆண்டுவரை இன்னொரு கேள்வியும் இருந்தது. பயாப்ஸி செய்து புற்று என்று கண்டுபிடித்தாலும் என்ன செய்வது? பரவிய நுரையீரல் புற்றுக்கு அன்று கையிலிருந்தது கீமோதெரபி. அது கொடுத்த கூடுதல் காலம் பெரும்பாலும் மாதக்கணக்கில்தான். சரியான பெயரைக் கண்டுபிடித்தும் பெரிய பயன் இல்லாத நிலை.

அந்த நிலை மாறிய நாள் ஒன்று உண்டு.

* * *

பத்துப் பேரில் ஒருவர்

2002 ஜூலை. ஜப்பான் அரசு ஜெஃபிடினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி வழங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவும் அனுமதித்தது.

செல்களின் மேற்பரப்பில் இஜிஎஃப்ஆர் என்ற புரதம் இருக்கிறது. வீட்டு வாசலில் இருக்கும் அழைப்புமணி மாதிரி அதை நினைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து மணியை அழுத்தினால், உள்ளே இருக்கும் செல் ‘வளர வேண்டும்’ என்று புரிந்துகொள்ளும். வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனும் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் 1986இல் நோபல் பரிசு பெற்றவர்கள். அந்த மணியின் கம்பியைத் துண்டிக்கும் மருந்துதான் ஜெஃபிடினிப்.

சோதனைகளில் வந்த முடிவு மருத்துவர்களைக் குழப்பியது. மேலை நாடுகளில் பத்து நோயாளிகளில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. அது மட்டுமென்றால் தோற்ற மருந்து என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் அந்த ஒருவருக்கு நடந்தது நம்ப முடியாததாக இருந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் சில நாட்களில் எழுந்து நடந்தார்கள். ஸ்கேனில் கட்டிகள் கரைந்திருந்தன. அந்த ஒருவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்ணாக, புகை பிடிக்காதவராக, ஆசிய நாட்டவராக இருந்தார். நோய் அடினோகார்சினோமா வகை.

ஏன்?

2004 ஏப்ரல் 29. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நாளில் பதிலை வெளியிட்டன. ஒன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்தது. மற்றொன்று டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கிலிருந்து மூன்றாவது குழுவும் அதையே உறுதி செய்தது.

முதல் குழு, மருந்துக்குப் பலன் கண்ட 9 பேரின் கட்டிகளை எடுத்து மரபணுவைப் படித்தது. அவர்களில் 8 பேரின் கட்டியில் இஜிஎஃப்ஆர் மரபணுவில் பிறழ்வு இருந்தது. பலன் காணாத 7 பேரில் ஒருவருக்கும் இல்லை.

இரண்டாவது குழு, அறுவைசிகிச்சையில் எடுக்கப்பட்ட கட்டிகளை ஒப்பிட்டது. ஜப்பானியர் 58 பேரில் 15 பேருக்குப் பிறழ்வு. அமெரிக்கர் 61 பேரில் ஒருவருக்கு மட்டும்.

யாரும் அழுத்தாமலே அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எழுத்துப் பிழைபோல் ஒரு சிறு மாற்றம், அல்லது சில எழுத்துகள் விடுபட்ட ஒரு மரபணு. அந்தப் புற்றின் உயிரே அதில்தான் இருந்தது. அதனால்தான் கம்பியைத் துண்டித்ததும் கட்டி கரைந்தது.

ஆனாலும் மருந்து பிழைத்தது மயிரிழையில்தான். பிறழ்வு இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்த ஒரு பெரிய சோதனையில் ஜெஃபிடினிப் ஆயுளைக் கூட்டவில்லை என்று தெரியவந்தது. 2005இல் அமெரிக்கா அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. அதை மீட்டது ஆசியா. ஹாங்காங்கின் டோனி மோக் தலைமையில் 1,217 ஆசிய நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2009இல் வந்தது. பிறழ்வு உள்ளவர்களுக்குக் கீமோதெரபியைவிட மாத்திரை மேல். பிறழ்வு இல்லாதவர்களுக்கு மாத்திரையைவிடக் கீமோதெரபி மேல்.

முதலில் சோதனை, பிறகு மருந்து. நுரையீரல் புற்று மருத்துவத்தின் விதி அன்றோடு மாறியது.

* * *

திரும்பி ஒட்டிய துண்டு

இஜிஎஃப்ஆர் எல்லா இளைஞர்களின் புதிரையும் அவிழ்க்கவில்லை. இரண்டாவது சாவி ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது.

ஹிரோயுகி மானோ புகைபிடிக்கும் பழக்கமிருந்த 62 வயதுக்காரர் ஒருவரின் கட்டியிலிருந்து மரபணுக்களைப் பிரித்தெடுத்து, எது சாதாரண செல்லைப் புற்றாக மாற்றுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். 2007இல் நேச்சர் இதழில் விடை வெளியானது.

இரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டு உடைந்து, தலைகீழாகத் திரும்பி, மீண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒட்டியதில், தள்ளித் தள்ளி இருந்த இஎம்எல்4, ஏஎல்கே என்ற இரண்டு மரபணுக்கள் இணைந்துவிட்டன. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது வேலை செய்து, பிறகு வளர்ந்தவரின் நுரையீரலில் உறங்கிக் கிடக்க வேண்டியது ஏஎல்கே. இந்தத் தவறான இணைப்பு அதை எழுப்பி, நிறுத்தாமல் ஓட வைத்தது. மானோவின் குழு சோதித்த 75 பேரில் 5 பேருக்கு இந்த இணைப்பு இருந்தது.

முதல் கட்டி 62 வயதுக்காரருடையது. ஆனால் உலகெங்கும் தேடத் தொடங்கியதும் தெரிந்த முகம் வேறு. ஏஎல்கே இணைப்பு உள்ளவர்கள் மற்ற நுரையீரல் புற்று நோயாளிகளைவிட இளையவர்கள். பெரும்பாலும் புகைபிடிக்காதவர்கள். ஒட்டுமொத்தத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கைந்து பேர்தான். வயது குறையக் குறைய அந்தப் பங்கு கூடுகிறது. 2,237 நோயாளிகளை ஆராய்ந்து டேனா-ஃபார்பர் மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, 50 வயதுக்குக் கீழ் நோய் கண்டவர்களிடம் மருந்தால் குறிவைக்கக்கூடிய பிறழ்வு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 59 சதவீதம் அதிகம்.

இளைஞரின் நுரையீரல் புற்று, முதியவரின் புற்று சீக்கிரம் வந்தது என்று பொருள்படாது. அது தனி நோய். தனி மருந்து கேட்கும் நோய்.

மருந்து விரைவாகவே வந்தது. வேறொரு காரியத்துக்காகச் சோதனையில் இருந்த கிரிசோடினிப், ஏஎல்கேயையும் அடக்கும் என்று தெரிந்தது. 2010இல் வெளியான 82 நோயாளிகளின் முடிவில் பாதிக்கும் மேற்பட்டோரின் கட்டி சுருங்கியிருந்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள்.

அப்போதும் புற்றுக்கு ஒரு ஒளிவிடம் இருந்தது: மூளை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதும் நுழையாதபடி உடல் ஒரு காவல் அரண் வைத்திருக்கிறது. கிரிசோடினிப் அதைத் தாண்டத் தடுமாறியது. நெஞ்சில் கட்டி கரைந்துகொண்டிருக்கும்போதே தலைக்குள் புதிதாக முளைத்தது. அரணைத் தாண்டும் மருந்துகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றில் ஒன்றான லோர்லாடினிப் பற்றி 2024இல் வந்த முடிவு மருத்துவ உலகையே நிமிர வைத்தது. பரவிய நிலையில் அதைத் தொடங்கியவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டு ஆகியும் நோய் முன்னேறவில்லை. கிரிசோடினிப் எடுத்தவர்களில் அது 8 சதவீதம்.

* * *

முப்பத்தாறு வயது

தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு மருத்துவரின் வாழ்க்கை, இந்த மாற்றத்தின் நடுவே நின்றது.

பால் கலாநிதி. தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்கா போன குடும்பத்தில் 1977இல் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் மூளை அறுவைசிகிச்சைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். எடை குறைந்தது. முதுகுவலி தாங்க முடியாததாக ஆனது.

அமெரிக்காவில் காசநோய் அரிது. அங்கே நோயை மறைக்க அது இல்லை. ஆனால் வேறொன்று மறைத்தது: அவருடைய வயது. முப்பதுகளில் இருப்பவருக்கு முதுகுவலி என்றால் யாரும் புற்றைத் தேடிப் போவதில்லை. விலை கூடிய எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன்னால் சாதாரண எக்ஸ்ரே போதும் என்று முடிவானது. எக்ஸ்ரே எதையும் காட்டவில்லை.

2013 மே மாதம் சிடி ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல், முதுகெலும்பு, கல்லீரல் என்று எல்லா இடத்திலும் அது இருந்தது. வயது 36.

கட்டியில் இஜிஎஃப்ஆர் பிறழ்வு இருப்பது சோதனையில் தெரிந்தது. எர்லோடினிப் மாத்திரை தொடங்கினார்கள். கட்டிகள் சுருங்கின. அவர் அறுவைசிகிச்சை அறைக்குத் திரும்பிப் போனார். பயிற்சியை முடிக்க உழைத்தார். 2014இல் மகள் பிறந்தாள். பிறகு மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொண்ட செல்கள் தலைதூக்கின. மாத்திரை கைவிட்டது. 2015 மார்ச் 9 அன்று, 37 வயதில், அவர் இறந்தார். அவர் எழுதிவைத்த நூல் அடுத்த ஆண்டு வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது.

அந்த மாத்திரை அவரைக் குணமாக்கவில்லை. ஆனால் மகளைக் கையில் ஏந்தும் காலத்தைக் கொடுத்தது. தாம்பரத்தில் தவறான மருந்தோடு கழியும் ஆறு மாதத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு என் மனத்தில் வருகிறது.

* * *

பரேலிலும் அடையாறிலும்

இந்தியர்களுக்கு இந்தப் பிறழ்வுகள் இருக்கின்றனவா? மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை 2013இல் பதில் சொன்னது. சோதித்த 907 பேரில் 23 சதவீதம் பேருக்கு இஜிஎஃப்ஆர் பிறழ்வு. மேலை நாடுகளைவிட அதிகம், கிழக்காசியாவைவிடக் குறைவு. வனிதா நொரோன்ஹா, குமார் பிரபாஷ் ஆகியோரின் குழு அத்தோடு நிற்கவில்லை. 350 நோயாளிகளிடம் ஜெஃபிடினிப்போடு கீமோதெரபியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. உலகம் கவனித்த இந்தியச் சோதனை அது.

விலையும் இந்தியாவில் ஒரு போராகவே நடந்தது. 2008இல் ரோஷ் நிறுவனத்தின் எர்லோடினிப் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 4,800 ரூபாய். சிப்ளா அதே மருந்தை 1,600 ரூபாய்க்கு இறக்கியது. ரோஷ் வழக்குப் போட்டது. விற்பனையை இடைக்காலமாக நிறுத்த டெல்லி உயர்நீதிமன்றம் மறுத்தது. நோயாளிகளின் தேவையும் அந்தத் தீர்ப்பில் எடைபோடப்பட்டது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் எர்லோடினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கத்தில், 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோயாளிகளைப் பதிவேட்டில் எழுதி வருகிறது. சானடோரியமாகத் தொடங்கிய தாம்பரம் நெஞ்சக மருத்துவமனைக்கும் அடையாறுக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம். ஒரு நோயாளி அந்தத் தூரத்தைக் கடக்க மாதங்கள் ஆகிறதா, நாட்கள் ஆகிறதா என்பதில்தான் இன்று எல்லாம் இருக்கிறது. ஏனென்றால் இப்போது சரியான பெயருக்குச் சரியான மருந்து உண்டு.

* * *

பிறழ்வு எப்போது வந்தது?

இந்த நோய் வந்த வீட்டில் முதலில் எழும் பயம், பிள்ளைகளுக்கும் வருமா என்பது. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே பிறழ்வுகள் கிட்டத்தட்ட எல்லாருக்குமே பிறந்த பிறகு நுரையீரல் செல்லில் ஏற்படுபவை. பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதில்லை. யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் எப்போது ஏற்படுகின்றன? 2019இல் தென்கொரிய ஆய்வாளர்கள் 138 நுரையீரல் கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். செல் பிரியப் பிரிய மரபணுவில் சேரும் சிறு மாற்றங்களை எண்ணிப் பார்த்தால், எது முதலில் நடந்தது, எது பிறகு என்று காலத்தை ஓரளவு கணிக்கலாம். அவர்கள் கண்டது அதிர வைத்தது. புகை பிடிக்காதவர்களின் ஏஎல்கே போன்ற மரபணு இணைப்புகள் பலவும் வாழ்க்கையின் முதல் சில பத்தாண்டுகளிலேயே ஏற்பட்டிருந்தன. சிலருக்குச் சிறுவயதிலேயே. புற்று வெளியே தெரிய அதன் பிறகு பல பத்தாண்டுகள்.

மூன்று ஆண்டுகள் கழித்து லண்டனின் சார்லஸ் ஸ்வாண்டன் குழு இன்னொரு திரையை விலக்கியது. புற்று இல்லாத நுரையீரல் திசுக்களை நுணுக்கமாகச் சோதித்தபோது, 18 சதவீதத்தில் இஜிஎஃப்ஆர் பிறழ்வு கொண்ட செல்கள் இருந்தன. ஆரோக்கியமான நுரையீரல் திசுவிலேயே பிறழ்ந்த செல் அமைதியாக இருக்க முடிகிறது. 2.5 மைக்ரான் அளவுக்கும் குறைந்த காற்றுத் தூசி உள்ளே போனபோது அழற்சி உண்டாகி அந்தச் செல்கள் புற்றாக வளரத் தொடங்கியதை எலிகளில் அந்தக் குழு காட்டியது. காற்று மாசைப் புற்று உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இலேயே அறிவித்திருந்தது. எப்படி என்பதற்கு இப்போது ஒரு வழி தெரிந்தது.

ஜிஎஸ்டி சாலையின் லாரிப் புகையையும், பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல்குவாரித் தூசியையும், 2022 ஏப்ரலில் நாட்கணக்கில் எரிந்த பெருங்குடி குப்பை மேட்டையும் அறிந்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிப்பார்கள்.

காரணத்தை அடுத்த வாரம் தொடர்வோம். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத செய்தி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் அது காசநோயாக இருக்கலாம்; உரிய மருந்தால் காசநோய் குணமாகும். காசநோய் மருந்தை நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள். ஆனால் கிருமி உறுதியாகாமல் மருந்து தொடங்கியிருந்தால், இரண்டு மாதமாகியும் எக்ஸ்ரே மாறாமலிருந்தால், மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: ‘ஐயா, பயாப்ஸி பார்த்துவிடலாமா?’ புற்று என்று வந்தால் அடுத்த கேள்வி: ‘எந்தப் பிறழ்வு?’ வயதைக் காட்டி யாரும் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட அனுமதிக்காதீர்கள்.

இனி, அடுத்த வாரத்துக்கான கேள்வி. பிறழ்வு சிறுவயதிலேயே வந்து உறங்குகிறது என்றால், ஒருவருக்கு அது வாழ்நாள் முழுவதும் உறங்க, இன்னொருவருக்கு 30 வயதில் விழித்துக்கொள்வது ஏன்? குரோம்பேட்டையிலும் பம்மலிலும் வளரும் பிள்ளைகள் தினமும் இழுக்கும் காற்றுக்கு அதில் எவ்வளவு பங்கு?

(தொடரும்)